நாலாம் சிலிண்டரின் சுவர்

நெடுந்தீவுக் குதிரை ஒன்று, ஓர் ஆனி மாத வெயிலில் தண்ணீர் தேடி நீந்தி வந்து குறிகட்டுவானில் கரையேறி, அங்கே நின்ற யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறியது. கொண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அரை ரிக்கற் போதும் என்றார். நான் பின்சீற்றில் இருந்தேன். வேலணையில் இறங்கும்போது அது என் பாதத்தை மிதித்த தழும்பு இன்னும் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

இப்படியான செய்திகளை ஐம்பது வருடமாகச் சொல்லி வருவதால் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் பெயர் கதிர்காமு என்று நானே சொன்னால்கூட அடையாள அட்டையை எடுத்துக் காட்டு என்பார்கள். அதையிட்டு நான் வருந்தியதில்லை. நடந்ததை நடந்த அளவில் விடாமல் நாற்பது, அறுபது கூடக் கடைந்து சொல்வேன், அவ்வளவுதான். ஆனால் இங்கே எழுதுவதில் குதிரை வராது. இதில் நான் சொன்ன பொய் ஒரே ஒரு சொல். இரண்டு எழுத்து.

போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிவபாதம் அண்ணையின் மகன் தயாபரன் வந்து என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனான். அவனுடைய தகப்பனின் காரைப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவன் நான். இயந்திரத்தைத் திருத்துகிற வின்சன்றுக்கு அதன் பூர்வீகம் தெரியவேண்டுமாம். அதை ஓட்டின ஆட்களில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான் என்று தயாபரன் காற்றில் கத்திச் சொன்னான். பின்னால் இருந்த நான் கேட்காத மாதிரிக் கடலைப் பார்த்தேன்.

கார் ஒரு ஒஸ்ரின் ஏ-நாற்பது. ஐம்பத்தோராம் ஆண்டு வந்தது. சிவபாதம் அண்ணை பதுளையில் சுருட்டுக்கடை வைத்திருந்தபோது வாங்கியது. எழுபத்தேழுக் கலவரத்தில் கடை எரிந்தபின் அவருக்கு மிஞ்சியது அந்தக் காரும், அதற்குள் இருந்த அவரும், அவர் மனைவி கேதீஸ்வரி அக்காவும்தான். வேலணைக்கு வந்து புகையிலை செய்தார். சலரோகத்தில், அந்தச் சீனி வியாதியில், காலில் புண் வந்து கிளச்சை மிதிக்க ஏலாமல் போனதும் என்னைச் சாரதியாக வைத்துக்கொண்டார். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் சண்டைக்குப் பயந்து தீவுப்பகுதி முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, கார் புகையிலைக் குடிலுக்குள் ஓலைக்குக் கீழே கிடந்துபோனது. இருபத்திரண்டு வருடம் கழித்துக் குடும்பம் திரும்பி வந்து ஓலையை விலக்கியபோது, சீற் இல்லை, ரயர் இல்லை, கண்ணாடி இல்லை. இயந்திரம் மட்டும் இருந்தது. தூக்க ஆள் போதாமல் விட்டிருப்பார்கள். சிவபாதம் அண்ணை அதைப் பார்க்க இருக்கவில்லை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சியில், யாரோ ஒருவருடைய வளவில் போட்ட கொட்டிலில் அவர் கண்ணை மூடினார்.

தயாபரன் பிரதேச சபையில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருடத்துக்கு ஒரு துண்டாகக் காரைத் திருத்தி வந்தான். உடம்பு முடிந்து, பெயின்ற் அடித்து, கடைசியாக இயந்திரத்துக்கு வந்திருந்தான்.

வின்சன்றின் வேலைத்தலம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். ஒஸ்ரின் புளொக்கைக் குளிப்பாட்டித் துடைத்து மேசையில் ஏற்றியிருந்தார். கேதீஸ்வரி அக்கா எனக்கு முன்னமே பஸ்ஸில் வந்து, ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், மடியில் குடையோடு இருந்தா. எழுபத்தெட்டு வயது. என்னைக் கண்டதும் அருகில் இருந்த ஸ்ரூலைக் குடையால் தட்டி இருக்கச் சொன்னா.

விசயத்தை வின்சன்ற் எனக்கும் விளங்கப்படுத்தினார். புளொக் என்பது இயந்திரத்தின் உடம்பு. அதில் கிணறு மாதிரி நாலு சிலிண்டர். உள்ளே பிஸ்ரன் ஏறி இறங்கி, காலப்போக்கில் வட்டம் தேய்ந்து முட்டை வடிவாகிவிடும். மெசினில் வைத்து மறுபடி வட்டமாகக் கடைந்து, பருமன் கூடிய பிஸ்ரன் போடவேண்டும். அதைப் போர் பண்ணுவது என்பார்கள். எவ்வளவு கடைவது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை வைத்துக் கணக்கிடுவார்கள். தயாபரன் எங்கோ ஒரு பழைய மோட்டார்க்கடையின் பரணிலிருந்து இரண்டு செற் பிஸ்ரன் தேடி எடுத்திருந்தான். ஒன்று நாற்பது, மற்றது அறுபது. நாற்பது என்றால் பிள்ளைகளின் கொப்பியில் பத்துத் தாள் தடிப்பு. அறுபது என்றால் பதினைந்து. இடையில் ஐந்து தாள். அதுவும் வட்டத்தின் இரண்டு பக்கத்துக்கும் பங்கு போட்டால் ஒரு பக்கத்துக்கு இரண்டரைத் தாள்.

முதல் மூன்று சிலிண்டரும் நாற்பதில் சுத்தமாகிவிடும். நாலாவதில்தான் பிரச்சினை. பிஸ்ரன் இருபத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் நின்றதில் சுவரில் துரு குழி பறித்திருந்தது. நாற்பது கடைந்தால் அந்தக் குழியில் ஒரு தழும்பு மிஞ்சும்; அதற்குள்ளால் எண்ணெய் கசிந்து எரிந்து, கார் கொஞ்சம் புகைக்கும். அறுபது கடைந்தால் கண்ணாடி மாதிரி வரும்.

“அப்ப அறுபது எண்டு செய்யிறதுக்கு என்ன?” என்று நான் கேட்டேன். கேட்டபோதே பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

சிலிண்டரின் சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தைக் குளிர வைக்கும் தண்ணீர் நிற்கிற அறை. அந்தப் பக்கத்தால் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியில் நின்று பார்க்கத் தெரியாது. அளக்கிற கருவி கொழும்பில் இருக்கிறதாம், இங்கே இல்லை. சுவர் மெலிந்திருந்து அறுபதும் கடைந்தால் மெசின் மறுபக்கம் போய்விடும். ஓட்டை விழுந்தால் புளொக் முடிந்தது. உள்ளே வேறு குழாய் இறக்கி ஒட்டுப்போடலாமென்றாலும் அதைப் பிடித்திருக்கவும் சுவர் வேண்டும். இந்தப் புளொக்குக்கு மாற்று இந்த நாட்டில் எங்கே தேடுவது?

வின்சன்ற் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இந்த மெசின் ஓடின காலத்திலை என்ன தண்ணி குடிச்சது, கதிர்காமண்ணை? நல்ல தண்ணியெண்டால் பயமில்லாமல் அறுபதுக்குப் போவன். உப்புப் பட்டிருந்தால் அது இரும்பைப் பின்னாலை நிண்டு தின்னும். முன்னாலை ஒண்டும் தெரியாது.”

நான் பதில் சொல்லுமுன் கேதீஸ்வரி அக்கா குடையை நிலத்தில் ஊன்றினா. கேள்வி தேவையில்லை என்றா. அந்தக் காருக்கென்று அவர்களுடைய தோட்டத்து நன்னீர்க் கிணற்றில்தான் அள்ளி வைப்பது, வீட்டுக்குக்கூட அந்தத் தண்ணீர் இல்லை என்றா. அது உண்மை. பிறகு சொன்னா: “அறுபதே செய்யும் வின்சன்ற். அரைகுறையாய் விட்டதாலைதான் அவர் அந்தப் பாடு பட்டவர். இந்த முறை முழுசாய்ச் செய்யவேணும். அவருக்காகச் செய்யிறது.”

எண்பத்தொன்பதில் இயந்திரம் சத்தம் போடத் தொடங்கியிருந்தது. போர் பண்ணவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லியிருந்தார்கள். சிவபாதம் அண்ணை புகையிலை விற்றதும் பார்ப்போம் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டார். அதுதான் அக்கா சொன்ன அரைகுறை. தொண்ணூறு ஆவணியில், ஊரை விட்டு வள்ளத்துறைக்குப் போகவேண்டிய அன்று, கார் வளவு வாசலிலிருந்து கால் மைல் போகுமுன் கொதித்து நின்றுவிட்டது. அயலாரோடு சேர்ந்து அதைத் திரும்பத் தள்ளிக் குடிலுக்குள் விட்டு ஓலையால் மூடினேன். அண்ணையின் காலில் புண். மூன்று மைல். நான் அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி மணலுக்குள்ளால் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா தயாபரனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தா. பாதி வழியில் புண் உடைந்து கட்டுத்துணி நனைந்தது. அந்தக் கால் பிறகு தேறவே இல்லை.

தள்ளிக்கொண்டு போகும்போது அவர் சொன்னார்: “கதிர்காமு, நான் போன வருசமே போர் பண்ணுவிச்சிருக்கவேணும், என்ன? என்ரை கஞ்சத்தனம்.”

நான் “ஓம்” என்றேன்.

அந்த இரண்டு எழுத்துத்தான். அவர் அதைத் தலையணையாக வைத்துக்கொண்டு ஆறு வருடம் படுத்தார். கிளிநொச்சிக் கொட்டிலிலும் அதையே சொல்லிக்கொண்டு கிடந்தார் என்று அறிந்தேன். அவர் போர் பண்ணாமல் விட்டதால் கார் நிற்கவில்லை. நிற்பாட்டியது நான்.

அது அந்தத் தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் உரமூடை இறக்கிவிட்டு வெறுங்காரோடு நான் தனியாகத் திரும்பி வந்தேன். பண்ணைப் பாலத்தின் நடுவில் றேடியேற்றர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. குழாயைச் சாரத்துண்டால் கட்டினேன். நிரப்பத் தண்ணீர் வேண்டும். இரண்டு பக்கமும் கடல். காருக்குள் ஒரு பிளாஸ்ரிக் கான் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் வெறும் பால்மாத் தகரப் பேணி ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லில் இறங்கி, கடலை அள்ளி றேடியேற்றரில் ஊற்றினேன். கட்டு கசிந்தது, தண்ணீர் கொதித்தது, மறுபடி ஊற்றினேன். வீட்டுக்கு வந்து சேர ஐந்து தரம். ஒவ்வொரு தரமும் தண்ணீர் ஆவியாகப் போக உப்பு உள்ளே தங்கியது. உப்பளத்தில் செய்வதை நான் ஓர் ஒஸ்ரினுக்குள் செய்தேன்.

புளொக்கின் பக்கத்தில் ஒரு சிறு குழாய் உண்டு. அரைச் சுற்றுத் திருப்பி வடிய விட்டு, இரண்டு தரம் கிணற்றுத் தண்ணீரால் அலசியிருந்தால் எல்லாம் சரி. ஆனால் அலசினால் ஏன் என்று அண்ணை கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகும்போது செய்வோம் என்று விட்டேன். அந்த ஞாயிறு அவர் போகவில்லை. அடுத்த ஞாயிறு நான் மறந்தேன். ஆனி பிறந்ததும் சண்டை தொடங்கிப் பெற்றோல் இல்லாமல் போய், கார் அசையாமல் நின்றது. ஆவணியில் மிச்சம் பிடித்த கொஞ்சப் பெற்றோலோடு அதை எடுத்தபோது றேடியேற்றரின் நரம்பெல்லாம் உப்புக் கட்டியால் அடைத்திருந்தது. பிறகு இருபத்திரண்டு வருடம் ஒருவரும் அந்தச் சின்னக் குழாயைத் திருப்பவில்லை.

இது தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்ததை வெளியே விடாமல் வைத்திருப்பது கஷ்டமான வேலை. அதற்கு நான் ஒரு வழி கண்டிருந்தேன். ஊர் திரும்பிய பிறகு தேத்தண்ணிக் கடையில் ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். சிவபாதம் அண்ணையின் காரின் றேடியேற்றருக்குள் கடல் தண்ணீர் விட்டு இறால் வளர்த்தேன். வேலணையில் புறப்பட்டால் யாழ்ப்பாணம் போய்ச் சேர அவிந்திருக்கும். மூடியைத் திறந்து எடுத்துச் சாப்பிடுவேன், உப்புப் போடத் தேவையில்லை. நல்ல வரவேற்பு. கல்யாண வீடுகளிலும் கேட்டார்கள். உண்மையை எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். இதைவிடப் பத்திரமான அலுமாரி கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை வின்சன்ற் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “கடல் தண்ணி குடிச்சது.”

தயாபரன் சிரித்தான். “எத்தினை இறால், மாமா?”

வின்சன்றும் சிரித்து, கையில் இருந்த அளவுகோலை மேசையில் வைத்துவிட்டார். கேதீஸ்வரி அக்காகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தா. இல்லை, இது கதை இல்லை என்று சொல்ல எனக்கு அவ்விடத்தில் நேரம் இருந்தது. வாயும் இருந்தது.

“மூண்டு,” என்றேன். “ஒண்டு சினை.”

அறுபது என்று முடிவாயிற்று. சனி ஞாயிறு வின்சன்றுக்கு மாதா கோயில் அலுவல். திங்கள் காலையில் கடைவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை ஒளிக்கக்கூடாது. நான் சொல்லிவிட்டேன், நம்பாதது அவர்களுடைய பிழை. இனி ஓட்டை விழுந்தால் அது என் தலையில் இல்லை. இந்தச் சுகம் அல்லைப்பிட்டியிலிருந்து வரும் பாண்காரனின் ஹோர்ன் கேட்கும்வரை, ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் நின்றது. பிறகு போய்விட்டது. மூன்று என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். சினை என்று சொல்லாமலாவது விட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கேதீஸ்வரி அக்காவிடம் தனியாகச் சொல்வது என்று போனேன். அக்கா குசினியில் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தா. கார் ஓடத் தொடங்கினதும் முதலில் குறிகட்டுவானுக்குப் போய், வள்ளத்தில் நயினாதீவு அம்மனிடம் போவதாக நேர்ந்திருக்கிறாவாம். அதற்கு இப்போதே மாச் சரியாக வருகிறதா என்று சுட்டுப் பார்க்கிறாவாம். எனக்கு நாலு பணியாரம் தந்தா. நான் வாயைத் திறந்தேன். அக்கா அதற்குள் சொன்னா: “அவர் சாகிறதுக்கு முதல் நாளும் என்ன சொன்னவர் தெரியுமே? என்ரை கஞ்சத்தனத்தாலை உன்னையும் பிள்ளையையும் மணலுக்குள்ளை நடக்க வைச்சிட்டன் எண்டு. நான் எத்தினை தரம் ஆறுதல் சொன்னனான். கேக்கேல்லை. இப்ப அந்த மெசினை முழுசாய்த் திருத்திப்போட்டால் அவருக்கும் மனம் ஆறும்.”

திறந்த வாய்க்குள் பணியாரத்தைப் போட்டேன். பிறகு குதிரை பஸ் ஏறிய கதையைச் சொன்னேன். அக்கா முன்பு கேட்டதுதான். இருந்தும் சிரித்தா. மிச்ச மூன்று பணியாரத்தையும் கடதாசியில் சுற்றித் தந்தா. வீதியில் ஒரு நாய்க்குப் போட்டேன். நாய் தின்றது. அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழரை பஸ் வரவில்லை. எட்டரைக்கு வந்தது. என் வாழ்க்கையில் ஒரு பஸ்ஸைப் பற்றி நான் கூட்டிக் குறைக்காமல் சொல்வது இதுதான்: ஒரு மணித்தியாலம் பிந்தியது. வேலைத்தலத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது வின்சன்ற் கடைகிற மெசினைப் புளொக்கின் மேல் ஏற்றி, முதலாம் சிலிண்டருக்கு நடுப்பிடித்து இறுக்கியிருந்தார். தயாபரன் சுவிச்சுக்குப் பக்கத்தில். அக்கா அதே கதிரையில், அதே குடையோடு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து அறுபது பிஸ்ரன் நாலும், பூசைக்கு வைத்த மாதிரி.

“போடாதையுங்கோ,” என்றேன்.

ஓடி வந்ததால் மூச்சு வாங்கியது. தயாபரன் எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனான். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்து, புளொக்கின் பின்பக்கத்தைக் காட்டினேன். தண்ணீர் அறையின் வாயை அடைத்து, ஒரு ரூபாய்க் காசுக்குற்றியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தகர மூடி உண்டு. நாலாம் சிலிண்டருக்கு நேரே இருக்கிற மூடியைக் கழற்றச் சொன்னேன். வின்சன்றுக்கு விருப்பமில்லை. எல்லாம் பூட்டி அளவு எடுத்தாயிற்று, அந்த மூடியை எடுத்தால் புதிதுதான் போடவேண்டும், எதற்கு என்றார்.

“நான் வெள்ளிக்கிழமை சொன்னது கதையில்லை. இறால்தான் கதை.”

ஒருவரும் சிரிக்கவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. நான் அதைப் பார்க்கவில்லை. வின்சன்ற் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டி, மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே கறுத்த சேறு இறுகிக் கிடந்தது. வெளியை மட்டும்தானே குளிப்பாட்டினார்கள். கரண்டியால் தோண்டி ஒரு கடதாசியில் போட்டார். பிறகு ரோர்ச் அடித்துக்கொண்டு, நீட்டு ஆணியை உள்ளே விட்டுச் சிலிண்டரின் பின்சுவரைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட இரும்பு செதில் செதிலாக வந்தது. பொரித்த அப்பளத்தை நொறுக்கினால் வருகிற மாதிரி. அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டார்.

“அறுபது போட்டிருந்தால் இண்டைக்கு மத்தியானம் இதுக்குள்ளாலை கடல் பாத்திருக்கலாம்,” என்றார். சத்தமில்லாமல் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

தயாபரனுக்கு இன்னும் பிடிபடவில்லை. தீவுக் கிணறு எல்லாம் உவர்தானே, ஒருவேளை வேறு கிணற்றுத் தண்ணீரை விட்டிருப்பார்கள் என்றான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று நினைக்கிறேன். கேதீஸ்வரி அக்கா எழும்பி வந்தா. கடதாசியில் கிடந்த சேற்றைக் குடை நுனியால் கிளறினா. பிறகு குனிந்து, இரண்டு விரலால் எதையோ எடுத்து, முந்தானையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தா. ஊரி. கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்குகிற அதே சிறு சங்குதான், அரிசியளவு, ஒரு முனை உடைந்தது. பேணியோடு வந்திருக்கும்.

“எப்ப?” என்று கேட்டா.

சொன்னேன். வைகாசி, பண்ணைப் பாலம், பேணி, ஐந்து தரம், அலசாமல் விட்டது, ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்றையும் கூட்டவில்லை. கூட்டாமல் சொல்லிப் பழக்கமில்லாததால் இடையில் இரண்டு தரம் நின்று, எங்கே விட்டேன் என்று யோசிக்கவேண்டியிருந்தது.

“அப்ப, ஆவணியிலை நிண்டது இதாலை.”

“ஓம் அக்கா.”

“போர் பண்ணாததாலை இல்லை.”

“இல்லை. அந்தத் தேய்வோடை இன்னும் இரண்டு வருசம் ஓடியிருக்கும்.”

அக்கா ஊரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றா. வின்சன்ற் கதிரையை இழுத்து அவவுக்குப் பின்னால் வைத்தார். இருக்கவில்லை.

“கரியரிலை இருந்து அவர் சொல்லேக்கை நீர்தானே தள்ளிக்கொண்டு வந்தனீர். எனக்கு முன்னுக்குக் கேட்டது. நீர் ஓம் எண்டனீர்.”

“ஓம் எண்டனான்.”

“ஆறு வருசம் அந்த மனிசன்...” என்று தொடங்கி விட்டுவிட்டா. பிறகு வேறொரு கேள்வி கேட்டா. அல்லைப்பிட்டி கிட்டத்தானே, ஏன் நடந்து போய் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர் கேட்கவில்லை? காருக்குள் ஒன்றும் இருக்கவில்லையா?

கானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அவவுக்கும் அதைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன்.

“ஒரு கான் இருந்தது.”

“தண்ணியோ?”

“கள்ளு. தவறணையிலை வாங்கினது. அஞ்சு போத்தல்.”

வின்சன்ற் தலையைக் குனிந்துகொண்டார். கள்ளை ஊற்றினால் கார் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்; அடுத்த நாள் அலசியிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. கொஞ்சம் மணக்கும். அதை நான் அன்றைக்கே யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் பேணியை எடுத்தேன். உடன்கள்ளு. வைகாசிப் பனையில் இறக்கியது. அவ்வளவு நல்ல கள்ளு அந்த வருடம் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. இதையும் அக்காவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் உண்மை சொல்லத் தொடங்கினால் எந்த இடத்தில் நிற்பாட்டுவது என்று எனக்குத் தெரியாது.

அடிப்பா என்று நினைத்தேன். குடை கையில் இருந்தது. அவ குடையைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் இருந்த அறுபது பிஸ்ரன் நாலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டா. மற்றப் பெட்டியைத் திறந்து நாற்பது பிஸ்ரன்களை எடுத்து வைத்தா.

“நாப்பது, வின்சன்ற்,” என்றா.

தழும்பு நிற்கும், புகைக்கும் என்று வின்சன்ற் நினைவூட்டினார்.

“நிக்கட்டும். புகைக்கட்டும். நிண்டதுக்கு அவரிலை பிழையில்லையெண்டால், ஏன் முழுக்கக் கடைய?” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னா: “உம்மடை இறால் கதை இனி என்ரை காதிலை விழக்கூடாது.”

சுவிச் போட்டார்கள். மெசின் முதலாம் சிலிண்டருக்குள் இறங்கிச் சத்தம் போட்டது. நான் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாவதை வின்சன்ற் மத்தியானத்துக்குப் பிறகு கடைந்தார். அவசரமில்லாமல், ஒரு தரத்துக்கு அரைத் தாள் அரைத் தாளாக. சுவர் நின்றது. தழும்பும் நின்றது, நகத்தால் தடவினால் தெரிகிற அளவு. என்னைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன்.

மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆடியில் சிவபாதம் அண்ணையின் திவசத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பினா. போனேன். ஐயர் போனபின், சாப்பாட்டுக்கு இலை போட முதல், வந்திருந்த இருபது முப்பது சனத்தின் முன்னால் என்னைக் கூப்பிட்டு, கார் ஏன் நின்றது என்பதைச் சொல்லச் சொன்னா. சொன்னேன். பேணி, ஐந்து தரம், கான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முந்தியதை விட இது திறம் என்றார்கள். ஒரு பெடியன், இறாலை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தயாபரன் எழும்பிச் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போய்விட்டான்.

ஆவணியில் கார் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டது. தயாபரன் ஓட்டினான். அக்கா பின்னால், மடியில் பணியாரப் பெட்டியோடு. என்னை முன்சீற்றில் இருக்கச் சொல்லி, ஐந்து போத்தல் கொள்ளும் கான் ஒன்றை என் மடியில் வைத்தா. நிறையக் கிணற்றுத் தண்ணீர். மூடி இல்லை. புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். பள்ளம் விழுந்த இடமெல்லாம் தண்ணீர் தளும்பி என் வேட்டியை நனைத்தது. பின்னால் நீலப் புகை ஒரு நூல் மாதிரி வந்தது. எதிரே வந்த பஸ்காரன் தலையை வெளியே போட்டு, புகைக்குது என்று கையால் காட்டினான். தயாபரன் தெரியும் என்று கையால் காட்டினான்.

இறங்குதுறையில் கார் நின்றபோது சூடு பார்க்கும் முள் நடுவில்தான் நின்றது. அக்கா இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தா. கானை எட்டிப் பார்த்தா. அரைவாசிதான் இருந்தது, மற்ற அரைவாசி என் மேல்.

“வரேக்கையும் நிரப்பிக்கொண்டு வாரும்,” என்று சொல்லிவிட்டு வள்ளத்துக்கு நடந்தா.

கார் இப்போதும் ஓடுகிறது. நாலாம் சிலிண்டர் மாதத்துக்கு ஒரு போத்தல் எண்ணெய் குடிக்கிறது என்று தயாபரன் சொல்கிறான். அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. குடிக்கிறதைப் பற்றி அந்தக் காருக்கு ஏதும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.